தேய்மானத்தின் வரலாறு: கிந்தா பள்ளத்தாக்கில் சவரக்கத்தி

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்துக்கும் நடுவே அமைந்திருக்கும் கோப்பெங், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பள்ளத்தாக்கின் முதன்மையான ஊர்களுள் ஒன்றாக விளங்கியது. இன்று பல நாடுகளில் கிளை விரித்திருக்கும் யூ யான் சாங் மருந்துக்கடை 1879ஆம் ஆண்டில் யூ கோங் என்பவரால் இவ்வூரில்தான் தொடங்கப்பட்டது. 1892இல் உருவான கோப்பெங் ஈயச் சுரங்க நிறுவனம், மலையிலிருந்து குழாய்வழி நீரைக் கொணர்ந்து அதன் விசையால் மண்ணைக் கரைத்து ஈயமணலைப் பிரித்தெடுக்கும் முறையை இங்குப் பெரிய அளவில் கையாண்டது. மலாயாத் தமிழர் ஈயம் என்று சுருக்கமாக வழங்கியது வெள்ளீயத்தையே. பின்னர் அமைந்த இருப்புப்பாதை பத்து காஜா, கம்பார் வழியே சென்று கோப்பெங்கைத் தொடாமல் விலகியதால் ஊரின் வளர்ச்சி தளர்ந்தது. எனினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிர் பரவியபோது அதைச் சுற்றிய நிலங்களில் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில், தமிழ்நாட்டின் ஊர்களிலிருந்து வந்தோர் குடியமர்ந்தனர்.

ஈயத்தையும் ரப்பரையும் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. அவ்விரண்டிலும் உழைத்தவர்களின் தாடியையும் தலையையும் மழித்த கருவியைப் பற்றியோ அதைக் கையாண்டவரைப் பற்றியோ எழுதப்பட்டவை மிகக் குறைவு. மடக்குச் சவரக்கத்தி இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ செய்யப்பட்டு, கப்பலேறி, கடைவழியாக நாவிதரின் கைக்கு வந்த பொருள் என்பது உண்மையே; ஆயினும் வாங்கிய வடிவிலேயே அது வாழ்ந்து முடிந்ததில்லை. துருவேறியபோது துரு நீக்கப்பட்டு, வாய் சிதைந்தபோது வாய் வெட்டி எடுக்கப்பட்டு, நுனி ஒடிந்தபோது நுனி உருட்டப்பட்டு, கைப்பிடி உடைந்தபோது வேறு கைப்பிடி பூட்டப்பட்டு, பல முறை அது மறுபடியும் செய்யப்பட்டது. அந்த மறுசெய்கைக்குப் பட்டறை என்று ஒன்று இல்லை. கல்லும் அரமும் உப்புத்தாளும் தோல்வாரும் கொண்டு மழிப்பவரே அதைச் செய்தார். நாவிதரை மழிப்பவராகவும் முடி வெட்டுபவராகவும் மட்டுமே கண்ட சமூகம், அவரை உருக்கு அறிந்த கைவினைஞராக ஒருபோதும் கணக்கிட்டதில்லை. இக்குறை திருத்தப்பட வேண்டியது.

தமிழ்நாட்டுக் கிராம அமைப்பில் நாவிதரின் பணி மழித்தலோடு நின்றதில்லை. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல், இம்மக்கள் நாட்டு மருத்துவமும் அறுவையும் செய்தவர்கள் என்றும், அவர்தம் மகளிர் பேறுகால மருத்துவச்சிகளாக விளங்கினர் என்றும் பதிவு செய்கிறது. மருத்துவர், பண்டிதர் என்னும் பெயர்கள் இச்சமூகத்துக்கு வழங்குவதன் அடிப்படை இதுவே. கட்டியைக் கீறியதும் புண்ணைத் திறந்ததும் பெரும்பாலும் மழித்த அதே கத்தியே. மணமகனுக்கு மணநாளுக்கு முன் செய்யும் முகச்சவரம், குழந்தையின் முதல் முடியிறக்கம், இறந்தவரின் மக்களுக்குக் கருமாதியன்று செய்யும் மொட்டை ஆகியவற்றில் நாவிதரின் வருகை கட்டாயமானது. இத்தனைக்கும் ஈடாக அவருக்குக் கிடைத்தது அறுவடைக் களத்தில் அளந்த நெல்லும், சடங்குகளில் தந்த அரிசி, வேட்டி போன்றவையும், அவற்றோடு சேர்ந்து வந்த இழிவும் ஆகும். நல்ல நாளில் அவரில்லாமல் எதுவும் தொடங்காது. ஆயினும் திண்ணைக்கு மேல் அவருக்கு இடமில்லை.

கத்தி, கத்தரிக்கோல், தீட்டுக்கல், நகவெட்டி, சிறு கண்ணாடி, நீர்க்கிண்ணம் ஆகியவை அடங்கிய அவரது பை அடைப்பம் எனப்பட்டது. மரத்தடியிலோ ஆற்றங்கரையிலோ அடைப்பத்தை விரித்த இடமே அவரது கடை. இப்பழக்கம் கடல் கடந்தும் தொடர்ந்தது. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி, அதாவது தன் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உறவுமுறையையும் முன்பணத்தையும் கொண்டு கூட்டம் திரட்டிக் கொண்டுவந்த மேற்பார்வையாளர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஓங்கியது. உதவிப் பயணம் பெற்ற கூலித் தொழிலாளர் வருகையை இந்திய அரசு 1938இல் தடை செய்யும் வரை அது நீடித்தது. நாவிதர், வண்ணார், பொற்கொல்லர், சிறுகடைக்காரர் முதலியோருள் பலர் இம்முறைக்கு வெளியே, தாமே பயணச்சீட்டு வாங்கிக் கப்பலேறிய தனிப்பயணிகளாகவும் வந்தனர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய ரஜுலா கப்பல் அத்தகையோரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது.

தோட்டத்தில் நிகழ்ந்த முதல் மாற்றம் கூலியைப் பற்றியது. நெற்களம் இல்லாத ரப்பர்க் காட்டில் நெல்லாக அளக்க எதுவுமில்லை. பால்மரம் சீவியவர் சம்பளத்தைக் காசாகப் பெற்றதால், ஓய்வு நாளில் லயத்தின் முன் அடைப்பத்தை விரித்தவருக்கும் காசே கொடுக்கப்பட்டது. காசு கையில் சேர்ந்தவர் பட்டணத்துக்குப் பெயர்ந்து கடை வைக்க முடிந்தது. அந்தக் கடையில் நாற்காலி இருந்தது. வருபவர் எக்குலத்தவராயினும், சீனராயினும், மலாய்க்காரராயினும், அந்த நாற்காலியில் அமர்ந்து தொண்டையை நாவிதரின் கத்திக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. தமிழ்க் கிராமத்தில் வீட்டுப் புறத்தே நின்றவர் இங்குக் கடையின் உரிமையாளராக நின்றார். சாதி இதனால் மறைந்துவிட்டது என்று கூற முடியாது. திருமணத்திலும் தோட்டக் கோயில் முறைமைகளிலும் அது நீடித்தது. பெரியார் 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து பேசியபோது அவருக்குக் கிடைத்த வரவேற்பே, இங்குள்ள தமிழரிடையே அப்புண் ஆறாமல் இருந்ததற்குச் சான்று.

கத்தியின் உருக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. அது தமிழ் நிலத்தை எதிர்பாராத இடங்களில் தொடுகிறது. சவரக்கத்திக்கு வேண்டிய உருக்கில் கரியின் அளவு ஏறக்குறைய ஆயிரத்துக்கு 10 முதல் 13 பங்கு வரை இருக்க வேண்டும். கசடு சிறிதும் இருக்கக் கூடாது, இருந்தால் மெல்லிய வாய் அவ்விடத்தில் உதிர்ந்துவிடும். மூசையில், அதாவது மண்ணால் செய்த சிறு உருக்குக் குடுவையில், இரும்பை உருக்கிக் கரி ஏற்றும் முறை தென்னிந்தியாவில் மிகப் பழமையானது. ஈரோட்டுக்கு அருகிலுள்ள கொடுமணல் அகழாய்வு இத்தொழிலின் தொன்மைக்குச் சான்றுகளைத் தந்துள்ளது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் மூசை உருக்கை உருவாக்கியபின் அந்நகர் உலகின் சவரக்கத்திச் சந்தையைக் கைப்பற்றியது. ஆயினும் தென்னிந்திய உருக்கின் மேல் இங்கிலாந்தின் அறிஞர்களுக்கு இருந்த வியப்பு தணியவில்லை. இலண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், வூட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த அவ்வுருக்கைக் கொண்டு கருவிகள் செய்தார். பிறகு இளம் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து அதன் தன்மையைக் கண்டறிய ஆய்வுகள் நடத்தி, உருக்குக் கலவைகளைப் பற்றிய கட்டுரைகளை 1820இலும் 1822இலும் வெளியிட்டார். அவ்வாய்வில் கிடைத்த கலவை உருக்கில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே தம் நண்பர்களுக்கு வழங்கினார். வெள்ளி உருக்கு என்னும் பொருள்படும் முத்திரையை ஷெஃபீல்டு கத்திகள் நெடுங்காலம் தாங்கியது இந்த ஆய்வின் புகழால்.

இதைவிட நேரடியான தொடர்பு ஒன்று பரங்கிப்பேட்டையில் உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவி, சேலம் வட்டாரத் தாதுவைக் கொண்டு இரும்பு வார்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆலை அவருக்கு நட்டத்தையே தந்தது. ஆனால் மூசை உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு கிடைக்கும் என்று அவர் கண்டறிந்து 1839இல் பெற்ற காப்புரிமை, ஷெஃபீல்டு உருக்கின் விலையைப் பெரிதும் குறைத்தது. உற்பத்தியாளர்கள் அம்முறையைச் சற்றே மாற்றிக் கையாண்டு அவருக்குப் பங்கு தர மறுத்தனர். அவரது எஞ்சிய வாழ்நாள் வழக்குகளில் கழிந்தது. மலாயாவின் சிற்றூர் நாவிதரும் வாங்கக்கூடிய விலையில் ஷெஃபீல்டு கத்தி விற்கப்பட்டதற்குப் பின்னணியில், ஒரு பங்கேனும், தமிழகக் கடற்கரையில் நிகழ்ந்த அத்தோல்வியும் இருந்தது.

ஷெஃபீல்டின் பழைய கத்தி கனமானது. அதன் இரு பக்கங்களும் முதுகிலிருந்து வாய்வரை நேராகச் சரிந்து ஆப்பு வடிவம் கொண்டவை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு வடிவத்தை வளர்த்தது: சிறிய விட்டமுள்ள சாணைச் சக்கரங்களில் இரு பக்கங்களையும் குழிவாகக் கடைந்து, வாயை ஒட்டிய பகுதியை வளையுமளவு மெல்லியதாக்கினர். குழிவான கத்தி மயிரில் படும்போது மெல்லிய ஓசை எழுப்பும். கல்லில் தீட்டும்போது அகற்ற வேண்டிய உருக்கு மிகக் குறைவாதலால் விரைவில் கூராகும். ஆப்பு வடிவக் கத்தியோ தீட்டுவோரின் பொறுமையைச் சோதிக்கும்; ஆனால் அடிபட்டால் எளிதில் உடையாது, தேயத் தேய உருமாற்றம் செய்யவும் அதில் நிறைய உருக்கு இருக்கும். மறுசெய்கைக்கு ஏற்றது எது என்று கேட்டால் பழைய ஷெஃபீல்டு கத்தியே என்று தயங்காமல் கூறலாம்.

சவரக்கத்தியின் உறுப்புகள் சில. மழிக்கும் பகுதி அலகு. அலகின் தடித்த மேல்விளிம்பு முதுகு. கூரான கீழ்விளிம்பு வாய். கைப்பிடிக்குள் ஆணியால் கோக்கப்பட்டு விரலுக்குப் பிடி தரும் பின்பகுதி வால். அலகின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக அளப்பது வழக்கம். பொதுவான கத்தி எட்டில் ஐந்து அல்லது ஆறு பங்கு, அதாவது 16 முதல் 19 மில்லிமீட்டர், அகலமுடையது. முதுகின் பருமன் வெறும் வலுவுக்காக அமைந்ததன்று. கல்லின் மேல் கத்தியைப் படுக்க வைக்கும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடுகின்றன. ஆகவே முதுகின் பருமனும் அலகின் அகலமும் சேர்ந்து வாயின் கோணத்தைத் தாமே தீர்மானிக்கின்றன. 19 மில்லிமீட்டர் அகலமும் 5.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியில் அக்கோணம் ஏறக்குறைய 16.6 பாகை. தீட்டுபவர் கோணத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை. முதுகைக் கல்லிலிருந்து தூக்காமல் இருந்தாலே போதும். தீட்டும்போதெல்லாம் வாயும் முதுகும் சேர்ந்தே தேய்வதால், ஆண்டுகள் கடந்தாலும் கோணம் பெரிதாக மாறாது. மிக எளிய, மிகச் சிறந்த அமைப்பு இது.

இந்த ஒழுங்கைக் கிந்தாவின் காற்று குலைக்கும். ஆண்டு முழுதும் மழையும் வெப்பமும் நிலவும் அப்பள்ளத்தாக்கில், ஈரம் துடைக்காமல் மடித்து வைத்த கரி உருக்குக் கத்தி ஓரிரவில் துருவேறும். மேற்பரப்பில் படரும் செந்துரு அத்தனை கேடு செய்யாது. வாயை ஒட்டிக் கருப்பாகக் குழிவிழும் துருவே கொடியது, ஏனெனில் அக்குழியைத் தீட்டல் எட்டும்போது வாய் அங்கே நொறுங்கும். கைப்பிடி செல்லுலாய்டால் ஆனதாயின் தொல்லை இரட்டிப்பாகும். யானைத் தந்தத்துக்கும் கொம்புக்கும் மாற்றாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய அந்தச் செயற்கைப் பொருள், வெப்பத்தில் நாளடைவில் சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். மடித்த கத்தி அந்த ஆவியிலேயே கிடந்து அரிக்கப்படும். எருமைக் கொம்பு இத்தீமை செய்யாது. ஆனால் வறண்டால் பிளக்கும், பூச்சி அரிக்கும்.

கெட்டுப்போன கத்தியை மீட்பதில் முதற்செயல் அதை மீட்கலாமா என்று தீர்மானிப்பது. விரிசலுள்ள அலகை எவராலும் காக்க இயலாது. குழிவான அலகை நகத்தால் சுண்டினால் முழுமையானது கணீரென்று ஒலிக்கும். விரிசலுள்ளது மந்தமாக ஒலிக்கும். பயனுண்டு எனத் தெரிந்தபின், கைப்பிடியின் ஆணித்தலையை அரத்தால் ராவி, ஆணியைத் தட்டி வெளியேற்றி, அலகைத் தனியே பிரிப்பர். கண்ணுக்குத் தெரியாத துரு பெரும்பாலும் ஆணித் துளையைச் சுற்றியே ஒளிந்திருக்கும் என்பதால், பிரிக்காமல் செய்யும் துப்புரவு அரைகுறையானது. பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவை நெகிழச் செய்து, முரடான உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக மென்மையான தாளுக்குச் செல்வர். சலித்த செங்கற்பொடி, சாம்பல் ஆகியவற்றால் உலோகத்தைத் துலக்குவது தமிழ்நாட்டு வீடுகள் அறிந்த முறை. கடைச் சரக்கு கிடைக்காத இடங்களில் அதுவே கத்திக்கும் கடைசி மெருகு தந்தது.

அனைத்துக்கும் மேலான கட்டுப்பாடு வெப்பம். சவரக்கத்தி சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்துக் கடினமாக்கப்பட்டு, பின்னர் மிதமான சூட்டில் சற்றே இளக்கப்பட்டது. இதனால் பெற்ற கடினமே பதம். இருநூறு பாகை செல்சியசுக்குச் சற்று மேலே சென்றால் உருக்கின் மேல் வைக்கோல் நிறம் தோன்றும். முந்நூறை நெருங்கினால் நீலம் படரும். நீலம் படர்ந்த வாய் மென்மையாகிவிட்டது என்று பொருள். அதை எந்தக் கல்லும் திரும்பக் கூராக்காது, கூராக்கினாலும் ஒரு முகத்துக்குமேல் நிற்காது. மெல்லிய வாயில் இச்சூடு ஏற ஓரிரு விநாடி போதும் என்பதால், தெருவில் மிதிச் சக்கரத்தோடு வந்து அரிவாளும் கத்தரிக்கோலும் சாணை பிடித்தவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்க அறிந்தவர் அஞ்சினர். கையால், நீர் தெளித்துக்கொண்டே செய்யும் வேலை மெதுவானது. அம்மெதுவே அதன் பாதுகாப்பு.

உருமாற்றம் செய்வதற்குக் காரணங்கள் பல. கீழே விழுந்த கத்தியின் நுனி ஒடியும். அப்போது ஒடிந்த முனையைக் கல்லில் உருட்டி வட்ட நுனியாக்குவர். கூர்நுனிக் கத்தியைப் போல வட்ட நுனிக் கத்தி தோலைக் குத்தாது என்பதால் இம்மாற்றம் சில வேளை வேண்டுமென்றே செய்யப்பட்டதும் உண்டு. நெடுநாள் சமனின்றித் தீட்டிய கத்தியின் வாய் நடுவில் உட்குழிந்துவிடும். அத்தகைய கத்தி தோலில் சீராகப் படியாது. வாயில் ஆழமாகப் பல் விழுந்தாலும், துருக்குழி வாயை எட்டினாலும் ஒரே வழிதான் உண்டு: கத்தியைச் செங்குத்தாகக் கல்லின் மேல் நிறுத்தி, வாயையே அறுப்பதுபோல் தேய்த்து, குறை நீங்கும் ஆழம்வரை உருக்கை அகற்றுவது. கூராக இருந்த விளிம்பைத் தானே மொட்டையாக்கும் இச்செயலுக்குத் துணிவு வேண்டும்.

அதன்பின் எழும் சிக்கலைத் தீர்ப்பதில்தான் கைவினைஞரின் அறிவு வெளிப்படும். 19 மில்லிமீட்டர் அகலக் கத்தியில் 3 மில்லிமீட்டர் போனால் அகலம் 16 ஆகும். முதுகு பழைய பருமனிலேயே இருந்தால் வாயின் கோணம் 16.6 பாகையிலிருந்து ஏறக்குறைய 19.8 பாகையாக விரியும். விரிந்த கோணமுள்ள வாய் மயிரை வெட்டாமல் இழுக்கும். பழைய கோணத்தை மீட்க வேண்டுமானால் முதுகின் இரு பக்கங்களிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் உருக்கைக் குறைக்க வேண்டும். நாவிதர் இக்கணக்கைப் பாகையில் போட்டதில்லை. முதுகைக் கல்லில் முன்கூட்டியே தேய்த்து, வாய் மயிரில் நடக்கும் விதத்தைக் கையால் உணர்ந்து, அதே விடைக்கு வந்து சேர்ந்தார். மீட்கப்பட்ட கத்தியின் முதுகில் காணப்படும் அகன்ற தட்டைப் பட்டைகள் இவ்வேலையின் அடையாளங்கள். இவற்றைக் கவனக்குறைவின் வடுக்கள் என்று இன்றைய சேகரிப்பாளர் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான கத்திகளைப் பொறுத்தவரை அம்மதிப்பீடு நியாயமற்றது.

வடிவம் கிடைத்தபின் தீட்டல் தொடங்கும். 1890களில் எட்வர்டு அச்சிசன் கண்டுபிடித்த கார்பரண்டம் என்னும் செயற்கைக் கல் மலிவாகப் பரவிய பிறகு முதற்கட்டத் தேய்ப்புக்கு அதுவே பயன்பட்டது. இறுதிக்கட்டத்துக்கு நுண்மையான இயற்கைக் கல் வேண்டும். கல்லில் வாயை முன்னே செலுத்தியும், தோல்வாரில் முதுகை முன்னே செலுத்தியும் இழுப்பது அடிப்படை விதி. வாரில் வாயை முன்னே தள்ளினால் தோலும் அறுபடும், கூரும் போகும். சுவரில் தொங்கும் வார் பட்டணக் கடைக்குரியது. அடைப்பத்தோடு நடந்தவருக்குத் தம் உள்ளங்கையே வார். அலகை உள்ளங்கையில் மாறி மாறிப் புரட்டிப் பிசிறை, அதாவது தீட்டியபின் வாயில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உருக்கு இழையை, நீக்கும் பழக்கம் இந்தியாவெங்கும் வழங்கியது. மீண்டும் கைப்பிடியில் பூட்டும்போது பித்தளைக் கம்பியைத் துளையில் செருகி, இருபுறமும் சிறு வளையமிட்டு, மெல்லத் தட்டித் தலையைப் பரப்புவர். ஓரடி கூடினால் கொம்பு பிளக்கும், ஓரடி குறைந்தால் அலகு ஆடும். கைப்பிடியின் மறுமுனையில் காரீயத்தால் ஆன சிறு ஆப்பு இருக்கும். அதன் எடை திறந்த கத்தியைக் கையில் சமநிலையில் நிறுத்தும்.

ரப்பர்த் தோட்டச் சூழல் இவ்வறிவுக்கு அயலானதன்று. பால்மரம் சீவுபவரின் உளி கூராக இல்லையெனில் பட்டை கிழிந்து மரம் காயப்படும் என்பதால், தீட்டுக்கல் லயத்து வீடுகளில் அன்றாடப் பொருளாக இருந்தது. கல் எப்படித் தேய்கிறது, எந்த உருக்கு கூரைத் தாங்குகிறது என்பவற்றை அங்கிருந்தோர் அனைவரும் ஓரளவு அறிந்திருந்தனர். நாவிதர் தம் கத்தியைத் தீட்டியது, கூரின் அருமையை உணர்ந்த மக்கள் நடுவில்.

பணிச்சுமை உச்சத்தை எட்டியது விழாக்களில். ஈப்போவின் குனோங் சேரோவிலுள்ள கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயத்தில் தைப்பூசத்தன்று முடிகாணிக்கை செலுத்துவோர் திரள்வர். கிந்தாவின் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் அங்குச் செல்வது நெடுநாள் வழக்கம். நீண்ட முடியை நனைத்து வேரோடு மழிக்கும் வேலை முகச்சவரத்தைவிட விரைவில் கத்தியை மழுங்கச் செய்யும். ஆகவே ஒரே நாளில் பல தலைகளை மழிப்பவருக்கு ஒரு கத்தி போதாது. அகன்ற அலகு தலைக்கும், தேய்ந்து குறுகிய அலகு காதோரம், கழுத்து, மீசையின் ஓரம் ஆகிய நெருக்கமான இடங்களுக்கும் பொருந்தும். இந்த வகையில் தேய்மானம் கத்தியை ஒரு பணியிலிருந்து மற்றொரு பணிக்கு மாற்றியது. குறுகிய கத்தியை எவரும் குப்பையில் எறியவில்லை.

மீட்டெடுக்கும் திறன் உயிர்த்தேவையான காலமும் வந்தது. 1939இல் போர் தொடங்கியதும் ஜெர்மன் சரக்கு நின்றது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கி, ஆண்டின் இறுதியில் கோப்பெங் வழியாகக் கம்பாரை நோக்கி முன்னேறியபின் ஆங்கிலச் சரக்கும் நின்றது. தோட்டங்கள் முடங்கின, தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்த மூன்றரை ஆண்டுகளில் புதிய கத்தி என்பது இல்லை. இருந்தவற்றையே தீட்டி, வெட்டி, மறுபடி பூட்டிப் பயன்படுத்த வேண்டியிருந்தது. 1948இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் ஊரடங்கையும், மக்களை இடம்பெயர்த்துக் குடியமர்த்திய புதுக்கிராமங்களையும் கொண்டுவந்தது. கோப்பெங்கைச் சுற்றி லாவான் கூடா, கோப்பிசான் முதலிய புதுக்கிராமங்கள் அமைந்தன. தோட்டம் தோட்டமாக நடந்த நாவிதரின் வழிகள் இக்காலத்தில் சுருங்கின.

மடக்குக் கத்தியின் வீழ்ச்சி ஒரே அடியில் நிகழ்ந்ததன்று. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்புச் சவரக் கருவி, தாமே மழித்துக்கொள்ளும் பழக்கத்தை நடுத்தர வர்க்கத்திடம் பரப்பியது. தோட்டத் தொழிலாளரிடம் அது மெதுவாகவே சென்றது. கடைக்குள் கத்தியை வீழ்த்தியது நோய் பற்றிய அச்சம். மலேசியாவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக 1986இல் கண்டறியப்பட்டது. கல்லீரல் அழற்சி பற்றிய விழிப்பும் அதே காலத்தில் வளர்ந்தது. ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடியில் செருகி, ஒரு முகத்துக்குப்பின் எறிந்துவிடும் வழக்கம் இதனால் பொதுவாயிற்று. உடல்நலத்தை எண்ணினால் இம்மாற்றம் சரியானது. அதை மறுக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் மழிக்கும் கையிலிருந்து உருக்கைப் பற்றிய அறிவு முழுவதும் அகன்றதும் அப்போதுதான். பாதி பிளேடுக்குக் கல் வேண்டாம், வார் வேண்டாம், கோணம் வேண்டாம்.

ஊரும் அதே ஆண்டுகளில் மாறியது. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபின் கிந்தாவின் லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், வரிசையாக மூடப்பட்டன. ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது, லயங்கள் காலியாகின. குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகத்துக்குத் திரும்பியோர் முன்பே பலர். பின்னர் முடிதிருத்தும் தொழில் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வரும் பணியாளரை நம்பியிருந்தது. அவர்களை அமர்த்துவதற்கு 2009இல் விதிக்கப்பட்ட தடை, முடிதிருத்துதல், பொற்கொல்லர் தொழில், துணிவணிகம் ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேர் என்ற அளவில் 2023இல் தளர்த்தப்பட்டது. அப்படி வருவோரும் பாதி பிளேடில் தொழில் கற்றவர்களே.

2009இல் திறக்கப்பட்ட கோப்பெங் அருங்காட்சியகம் போன்ற சிறு காட்சியகங்களும், பழைய கடைக்காரர் குடும்பங்களின் அலமாரிகளுமே இனி இக்கத்திகள் எஞ்சியிருக்கக்கூடிய இடங்கள். அவற்றைக் கண்டெடுப்போர்க்கு முதலில் தோன்றும் ஆசை பளபளக்கச் செய்வது. அதைச் செய்யாதிருக்க வேண்டும். வாலில் உள்ள முத்திரையில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது, ஏனெனில் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டமே அவ்வாறு பொறிப்பதைப் பரவலாக்கியது. முதுகின் பட்டையின் அகலம் எத்தனை முறை கோணம் மீட்கப்பட்டது என்பதை உணர்த்தும். இரு ஆணித்தலைகள் வேறுபட்டிருந்தால் ஒன்றேனும் பின்னர் பூட்டப்பட்டது. முத்திரையின் எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தால் உப்புத்தாள் அங்குவரை சென்றது. மெருகுச் சக்கரம் இவை அனைத்தையும் சில நிமிடங்களில் அழித்துவிடும். மெல்லிய இயந்திர எண்ணெய் பூசி, செல்லுலாய்டு கைப்பிடியாயின் அதிலிருந்து அலகைப் பிரித்துத் தனியே வைத்து, அகலத்தையும் முதுகின் பருமனையும் அளந்து குறித்து, எந்தக் கடையில் எவர் கையில் இருந்தது என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி வைப்பதே இப்போதைக்குச் செய்யத்தக்க வேலை.